திமிங்கலம் இடம் மாறியது, விதி மாறவில்லை: செயின்ட் லாரன்ஸ் வளைகுடா, 2017

2017 ஜூன் முதல் வாரத்தில், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் ஒரு திமிங்கலம் செத்து மிதந்தது. மாதம் முடிவதற்குள் ஆறு ஆகிவிட்டது. ஆறுமே வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள். உலகம் முழுக்கத் தேடினாலும் நானூற்றுச் சொச்சம்தான் தேறும் என்ற நிலையில் இருந்த இனம் அது.

மூன்று சடலங்களைப் படகில் கட்டி இழுத்துவந்து பிரின்ஸ் எட்வர்ட் தீவின் கரையில் சேர்த்தார்கள். மண் அள்ளும் இயந்திரம் கொழுப்புத் தோலைப் பட்டை பட்டையாக உரித்து இழுக்க, கால்நடை மருத்துவர்கள் நீளக் கத்திகளோடு உள்ளே இறங்கினார்கள். தோலில் கயிறு அறுத்த தடம் இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா, தசைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். இந்த ரத்தக்கட்டுதான் முக்கியமான சாட்சி. உயிரோடு இருக்கும்போது கப்பல் மோதியிருந்தால் ரத்தம் கசிந்து தசையெங்கும் பரவி நிற்கும். செத்து மிதக்கும் உடலில் மோதியிருந்தால் அப்படிப் பரவாது. வெளித்தோலில் ஒரு கீறல்கூட இல்லாத உடலிலும் உள்ளே கருஞ்சிவப்பாக ரத்தம் உறைந்து கிடக்கலாம்.

அந்த ஆண்டு முடியும்போது கணக்கு 17. கனடா கடலில் 12, அமெரிக்கக் கடலில் 5. கூறாய்வு செய்ய முடிந்தவற்றில் பெரும்பாலானவை கப்பல் மோதி உள்காயத்தில் செத்தவை. நண்டுக்கூண்டுக் கயிற்றில் சிக்கி மாண்டதும் இருந்தது.

இதில் என்னை உறுத்துவது, இந்தத் திமிங்கலம் கேட்பாரற்ற உயிரினம் அல்ல என்பதுதான். 1935 முதல் இதை வேட்டையாட சர்வதேசத் தடை இருக்கிறது. 1970இல் அமெரிக்கா அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. 2005இல் கனடாவும் தன் சட்டத்தில் சேர்த்தது. ஒவ்வொரு விலங்குக்கும் எண் உண்டு, பல விலங்குகளுக்குப் பெயரே உண்டு. இத்தனை காவலையும் மீறி ஒரே கோடையில் இத்தனை சாவு எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கிறோம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரைட் என்றால் இங்கே வலது அல்ல. வேட்டைக்கு வாகானது என்று பொருள். மெதுவாக நீந்தும், கரையோரமாகவே வரும், செத்தால் மூழ்காமல் மிதக்கும், எண்ணெயும் ஏராளமாகக் கிடைக்கும். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே பாஸ்க் மக்கள் பிஸ்கே விரிகுடாவில் இதை வேட்டையாடத் தொடங்கிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இனமே கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருந்தது. அன்று ஈட்டிக்காரனுக்கு உதவிய அதே குணங்கள்தான், மெதுவாகப் போவதும் கரையை ஒட்டி வாழ்வதும், இன்று அதைக் கப்பலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

வளர்ந்த விலங்கு 16 மீட்டர் வரை நீளும். முதுகில் துடுப்பு கிடையாது. தலைமீது சொரசொரப்பான தோல் தடிப்புகள் இருக்கும். அவற்றில் அப்பிக்கிடக்கும் வெளிர்நிறத் திமிங்கலப் பேன்களால் அந்தத் தடிப்புகள் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். திட்டுகளின் அமைப்பு ஒன்றைப்போல் இன்னொன்றுக்கு இருக்காது. பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் இதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பதிவேடு வைத்திருக்கிறது.

சரி, அரசுகள் முன்பு என்ன செய்தன? கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல வேலை. கோடையில் இந்தத் திமிங்கலங்கள் கூட்டமாக வந்து மேயும் இடம் ஃபண்டி. செயின்ட் ஜான் துறைமுகத்துக்குப் போகும் எண்ணெய்க் கப்பல்களின் வழித்தடம் அந்த மேய்ச்சல் பகுதியின் மேலேயே போனது. ஆய்வாளர் மொய்ரா பிரவுனும் அவருடைய சகாக்களும் திமிங்கலம் எங்கே நிற்கிறது, கப்பல் எங்கே போகிறது என்று இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். அங்கே எண்ணெய் நிறுவனம் எதிரணியில் நிற்கவில்லை, கூடவே நின்றது. கனடா அரசு சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் போய், 2003 ஜூலையில் வழித்தடத்தையே சில கடல் மைல் கிழக்கே தள்ளிவைத்தது. அழியும் நிலையில் உள்ள ஓர் உயிரினத்துக்காக உலகத்தில் ஒரு கப்பல் தடம் மாற்றப்பட்டது அதுவே முதல் முறை. மோதல் அபாயம் அந்தப் பகுதியில் 80 சதவீதம் குறைந்தது என்று கணக்கிட்டார்கள்.

அமெரிக்கா 2008இல் வேகக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 65 அடி, அதாவது சுமார் 20 மீட்டருக்குக் குறையாத கப்பல்கள் குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட மாதங்களில் 10 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. மணிக்கு 18.5 கிலோமீட்டர், அவ்வளவுதான். மோதினால் திமிங்கலம் சாகும் அல்லது சாகுமளவு காயப்படும் வாய்ப்பு 15 நாட் வேகத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். 12 நாட்டுக்குக் கீழே வந்தால் அது பாதிக்கும் குறைவு. இந்தக் கணக்கை 2007இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டில் காலாவதியாக வேண்டிய அந்த விதியை 2013இல் அமெரிக்கா நிரந்தரமாக்கியது.

இதெல்லாம் பலன் தந்தது. 1990இல் 270 அளவில் இருந்த தொகை 2010ஐ ஒட்டி 480ஐத் தொட்டது. மெதுவான ஏற்றம்தான், ஆனாலும் ஏற்றம்.

ஃபண்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு சில நாட்கள் அந்தக் கடலில் கப்பல் போக்குவரத்து மிகவும் குறைந்துபோனது. நீருக்கடியில் இரைச்சல் சட்டென்று தணிந்தது. அந்த நாட்களில் சேகரித்த திமிங்கலச் சாணத்தில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்ததைப் பின்னாளில் கண்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளின் ஆய்வுகளில் சாணத்தைத் தேடிக் கொடுக்க நாய்களும் வந்தன. படகின் முன்னணியில் நாய் நிற்கும், காற்றில் வாடை பட்டதும் உடம்பு திரும்பும், படகோட்டி அந்தத் திசையில் படகைத் திருப்புவார். இடித்துக் கொல்வது மட்டுமல்ல, சத்தமும் அவற்றை வாட்டுகிறது என்று அந்தச் சில நாள் அமைதிதான் காட்டிக்கொடுத்தது.

இடப்பெயர்ச்சி

ரைட் திமிங்கலத்தின் உணவு கோபிபாட் என்ற மிதவையுயிர். அரிசி மணியைவிடச் சின்னது. அது அடர்த்தியாகத் திரண்டு நிற்கும் இடத்தில்தான் திமிங்கலத்துக்கு வயிறு நிறையும். 2010க்குப் பிறகு, ஃபண்டியும் சேர்ந்த மெய்ன் வளைகுடாவின் ஆழ்நீர் வேகமாகச் சூடேறியது. ஃபண்டியில் கோபிபாட் குறைந்தது. அங்கே கூட்டம் கூட்டமாக வந்த திமிங்கலங்களை ஒரு கோடையில் விரல்விட்டு எண்ண வேண்டியதாயிற்று. எங்கே போயின என்று சில ஆண்டுகள் தேடல் நடந்தது. 2015 வாக்கில் விடை தெரியத் தொடங்கியது: வடக்கே, செயின்ட் லாரன்ஸ் வளைகுடா.

அங்கே அவற்றுக்கு எந்தக் காவலும் இல்லை. மான்ட்ரியலுக்கும் பேரேரிகளுக்கும் போகும் கப்பல்களுக்கு அதுதான் வாசல். அங்கே வேக வரம்பு கிடையாது. நியூ பிரன்ஸ்விக், கியூபெக் மீனவர்களின் பனிநண்டுத் தொழிலுக்கும் அதுவே நடுக்களம். பனிநண்டுக் கூண்டு கனமானது. கடலடியில் உட்காரும், அங்கிருந்து ஒரு தடித்த கயிறு நேராக மேலே ஏறி மிதவையில் முடியும். 2017இல் நண்டுக்கான ஒதுக்கீடு முந்தைய ஆண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. திமிங்கலம் புதிதாக வந்த கடலில் அந்த வருஷம் கயிறும் கூடுதல்.

2003இல் தள்ளிவைத்த தடம் ஃபண்டியில் அப்படியே இருந்தது. காவல் வரைபடத்தில் இருந்தது, காக்கப்பட வேண்டியது அந்த வரைபடத்தை விட்டுப் போயிருந்தது. திமிங்கலம் வளைகுடாவுக்குள் வருகிறது என்று 2015இலேயே தெரிந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு கோடைகள் கையில் இருந்தன. 2018இல் கனடாவின் சுற்றுச்சூழல் ஆணையர் தந்த தணிக்கை அறிக்கையும், கடல் பாலூட்டிகளைக் காக்கக் கையில் இருந்த கருவிகளை மீன்வளத் துறையும் மற்ற துறைகளும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்றே சொன்னது.

2017 ஜூலை 10. நியூ பிரன்ஸ்விக்கின் ஷிப்பகன் ஊருக்கு அப்பால், கயிறு சுற்றிய ரைட் திமிங்கலம் ஒன்றை விடுவிக்க ஜோ ஹவ்லெட் போனார். கேம்போபெல்லோ தீவின் மீனவர், வயது 59, அங்கே திமிங்கல மீட்புக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். நண்டுக் கயிற்றின் கடைசிச் சுற்றை அறுத்தார். திமிங்கலம் விடுபட்டது. விடுபட்ட வேகத்தில் அது வாலைச் சுழற்றியது, அந்த அடியில் அவர் இறந்துபோனார். சில நாட்களுக்கு முன்புதான் அதே கடலில் இன்னொன்றைக் காப்பாற்றியிருந்தார். அதன்பின் ரைட் திமிங்கலங்களைக் கயிற்றிலிருந்து விடுவிக்கும் வேலையை அரசு நிறுத்திவைத்தது, அடுத்த ஆண்டுதான் மறுபடி அனுமதித்தது. கயிற்றைப் போட்டுப் பிழைக்கும் ஒருவரே கயிற்றை அறுக்கப் போய் உயிரை விட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விவகாரத்தை மீனவருக்கும் திமிங்கலத்துக்கும் நடக்கும் சண்டையாகச் சொல்பவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 11 அன்று கனடா போக்குவரத்துத் துறை மேற்கு வளைகுடாவில் கட்டாய வேக வரம்பை அறிவித்தது. 20 மீட்டருக்குக் குறையாத கப்பல்களுக்கு 10 நாட். மீறினால் 25,000 கனடா டாலர் வரை அபராதம். முதல் சடலம் கிடைத்து இரண்டு மாதம் கழித்து வந்த உத்தரவு.

ஒரு நல்ல வருஷம், ஒரு தவறான பாடம்

2018க்கு அரசு தயாராக இருந்தது. நண்டுப் பருவம் தொடங்கும் முன்பே ஒரு பெரிய பகுதியை மூடியது. அதற்கு வெளியே திமிங்கலம் தென்பட்டால் அந்தந்த இடத்தைத் தற்காலிகமாக மூடும் ஏற்பாடும் வந்தது. வேக வரம்பு தொடர்ந்தது. மேலே விமானங்கள் சுற்றின. அந்த ஆண்டு கனடா கடலில் ஒரு ரைட் திமிங்கலச் சடலம்கூடக் கிடைக்கவில்லை.

இதைப் பார்த்து 2019இல் பிடி தளர்ந்தது. முன்கூட்டியே மூடும் பகுதியை வெகுவாகச் சுருக்கினார்கள். வளைகுடாவில் உள்ள ஆன்டிகோஸ்டி தீவுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள தடங்களில், திமிங்கலம் கண்ணில் படாதவரை கப்பல்கள் வழக்கமான வேகத்தில் போகலாம் என்று 2018இல் தந்த சலுகையும் தொடர்ந்தது. தொழிலுக்கு ஏற்படும் நெருக்கடியைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் ஒரு வருஷம் சாவு இல்லை என்பதற்கு, கட்டுப்பாடு வேலை செய்தது என்பதுதான் பொருள், கட்டுப்பாடு தேவையில்லை என்பதல்ல. அந்த ஆண்டு கனடா கடலில் 9 செத்தன.

அவற்றில் ஒன்று பங்க்சுவேஷன். தலையில் நிறுத்தற்குறிகளைப் போன்ற தழும்புகள் இருந்ததால் அந்தப் பெயர். பதிவேட்டில் 1281. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த தாய், எட்டுக் குட்டிகள் பெற்றவள். ஐந்து முறை கயிற்றில் சிக்கியும் இரண்டு முறை கப்பலில் அடிபட்டும் தப்பித்தவள். 2019 ஜூனில் மூன்றாவது கப்பல் அவளைக் கொன்றது. முதுகில் ஆழமான வெட்டு. இந்த இனத்தில் பெண் விலங்கு பத்து வயதை ஒட்டித்தான் முதல் குட்டி போடும், ஒரு குட்டியை ஓராண்டு சுமக்கும். இன்று உயிரோடு இருக்கும் இனப்பெருக்க வயதுப் பெண்கள் சுமார் 70 மட்டுமே. எட்டுக் குட்டி பெற்ற ஒருத்தியின் இடத்தை நிரப்ப எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மனசு ஆறாது.

ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் அரசு அவசரமாகத் திரும்பி வந்தது. அந்தத் தடங்களில் மறுபடி வேகத்தடை. வரம்பு 13 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்கும் நீண்டது. அபராதம் பின்னர் 2,50,000 டாலர் வரை போனது.

அப்புறம் 2020இல் வந்த முறைதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. ஒரே ஒரு திமிங்கலம் கண்ணில் பட்டாலோ காதில் விழுந்தாலோ போதும், சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பகுதியில் 15 நாள் கூண்டு வைக்கக் கூடாது. அந்த 15 நாளில் 9ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ அங்கே மறுபடி ஒன்று தெரிந்தால், வளைகுடாவில் அந்தப் பகுதி நவம்பர் 15 வரை மூடல். காதில் விழுவது என்றால், நீருக்கடியில் மெல்ல மேலும் கீழுமாகப் போய்வரும் ஆளில்லாக் கருவிகள் ஒலிவாங்கியோடு திரிகின்றன. ரைட் திமிங்கலம் தாழ்ந்த ஸ்வரத்தில் தொடங்கி மேலே ஏறும் ஒரு சின்னக் குரல் கொடுக்கும். கருவி அதைப் பிடித்துக் கரைக்குச் சொல்லும். காவல் எல்லை இப்போது ஒரு குரலைப் பின்தொடர்ந்து நகர்கிறது. 2020இல் கனடா கடலில் ஒரு சடலமும் கிடைக்கவில்லை.

ஓட்டையும் இருக்கிறது. திமிங்கலங்கள் வளைகுடாவுக்குள் நுழையும் முக்கிய வாயில் கபட் நீரிணை. அங்கே 2020 முதல் வேகத்தைக் குறைக்கக் கேட்டுக்கொண்டார்களே தவிரக் கட்டாயமாக்கவில்லை. வீட்டுக்குள் கட்டாயம், வாசலில் விருப்பம் என்பது எனக்குப் புரியாத ஏற்பாடு.

கூண்டு போடுகிறவர்கள் பக்கம்

ஷிப்பகன் இருக்கும் அகேடியத் தீபகற்பத்துக்கு நண்டுதான் சோறு. ஒரு பகுதியை மூடினால் அங்கே கிடக்கும் கூண்டுகளை எல்லாம் குறித்த கெடுவுக்குள் எடுத்தாக வேண்டும். படகும் டீசலும் ஆட்கூலியும் அவர்கள் தலையில். கடலுக்குக் கேடில்லாமல் பிடித்தது என்று அந்த நண்டுக்கு இருந்த சர்வதேசச் சான்றும் 2018 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்டது. சந்தையில் அது பெரிய அடி.

இங்கே அரசு செய்த உருப்படியான காரியம், பருவத்தை முன்னே இழுத்தது. திமிங்கலங்கள் பொதுவாக ஏப்ரல் கடைசியில்தான் வரத் தொடங்கும். ஆனால் அதுவரை துறைமுகங்களில் பனி உறைந்து கிடக்கும். கடலோரக் காவல்படையின் பனியுடைப்புக் கலங்களை அனுப்பித் துறைமுக வாய்களைத் திறந்துவிட்டார்கள். படகுகள் சில வாரம் முன்னதாகக் கிளம்பி, திமிங்கலம் வருமுன் ஒதுக்கீட்டில் பெரும்பங்கைப் பிடித்துக் கரைசேர முடிந்தது. மீனவனிடம் போகாதே என்று சொல்வதற்கும் முன்னாடியே போய்வா என்று வழி திறந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

அமெரிக்கப் பக்கத்தில் கதை இவ்வளவு ஒழுங்காகப் போகவில்லை. அங்கே கயிறு சிங்கி இறால் கூண்டுகளுடையது, மெய்ன் மாநிலத்தின் அடையாளமே அந்தத் தொழில். 2021இல் வந்த விதி சில பகுதிகளில் பருவ மூடலையும் பலம் குறைந்த கயிற்றையும் கட்டாயமாக்கியது. அந்தக் கயிறு சுமார் 770 கிலோ இழுப்பில் அறுந்துவிடும், வளர்ந்த திமிங்கலம் உதறி விடுபடலாம், ஆனால் குட்டிக்கு அந்தப் பலம் இருக்காது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் மேற்கொண்டு வரவிருந்த விதிகளை 2028 கடைசிவரை தள்ளிப்போட்டது. எங்கள் கயிற்றில் ஒரு ரைட் திமிங்கலமும் செத்ததாக நிரூபணம் இல்லை என்று மெய்ன் மீனவர்கள் சொல்லிவந்தார்கள். 2024 ஜனவரியில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மூன்று வயதுப் பெண் திமிங்கலம் ஒன்று கரையொதுங்கியது. வால்தண்டில் கயிறு ஆழப் புதைந்திருந்தது. கயிற்றில் ஊதா நிறக் குறி. மெய்ன் கூண்டுக் கயிறுகளுக்கென ஒதுக்கிய நிறம் அது. எந்தக் கயிறு எந்த ஊருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக மாநிலவாரியாக நிறம் போடச் சொன்ன சின்ன விதி, இந்த ஓர் இடத்தில் வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

35 அடிப் படகுகளுக்கும் வேக வரம்பை நீட்டிக்க 2022இல் முன்வைத்த யோசனையை 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு கைவிட்டது. சின்னப் படகு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஸ்னோ கோன் என்ற பெண் திமிங்கலத்தின் கதை தெரிந்திருக்காது. அவளுடைய முதல் குட்டியை 2020 ஜூனில் நியூ ஜெர்சிக் கரையருகே படகுகள் அடித்துக் கொன்றன. 2021 மார்ச்சில் அவளே கயிற்றில் சிக்கினாள். மீட்புக் குழுவினர் ஒரு பகுதியை அறுத்தார்கள், மிச்சம் வாயில் தங்கிவிட்டது. அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே, அதே ஆண்டு டிசம்பரில் தெற்கே போய் இன்னொரு குட்டி ஈன்றாள். 2022 செப்டம்பரில் கடைசியாகப் பார்த்தபோது குட்டி பக்கத்தில் இல்லை, அவள் உடம்பில் புதிதாக இன்னொரு கயிறு சுற்றியிருந்தது. உடல் இளைத்து, தோல் வெளிறி, பேன் அப்பியிருந்தது.

இந்த இனத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் ஒரு முறையாவது கயிற்றில் சிக்கியவை. கயிற்றை இழுத்துத் திரிவதிலேயே சக்தி தீர்ந்துவிடுவதால் உடல் வளர்வதில்லை. இப்போது பிறப்பவை 1980களில் பிறந்தவற்றைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் குட்டையாகவே வளர்கின்றன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குட்டி போட வேண்டியவை இப்போது ஆறு முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போடுகின்றன. 2017-18 பருவத்தில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் சாவு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான், மற்றவை கடலோடு போய்விடுகின்றன. மனிதரால் நேரும் சாவு ஆண்டுக்கு ஒன்றுகூட ஆகக் கூடாது என்பது அமெரிக்க அரசின் சொந்தக் கணக்கு.

2024க்கான மதிப்பீடு 384. முந்தைய சில ஆண்டுகளைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

வளைகுடாவில் மூடிய பகுதிகளில் இப்போது சில படகுகள் அனுமதியோடு நண்டு பிடிக்கின்றன. அவற்றின் கூண்டுகளுக்கு மேலே மிதவையும் இல்லை, நின்றாடும் கயிறும் இல்லை. படகிலிருந்து ஒலிச் சமிக்ஞை அனுப்பினால் அடியில் பூட்டு கழன்று, கூண்டோடு சுருட்டி வைத்த கயிறு மிதவையுடன் மேலே வரும், இல்லையென்றால் காற்றுப்பை ஊதிக் கூண்டையே தூக்கும். விலை அதிகம். அதனால் கனடாவில் இந்தக் கருவிகளை மீனவர்களுக்கு இரவல் தரும் திட்டம் ஒன்று நடக்கிறது. வசந்தத்தில் வாங்கிப் போய்ப் பயன்படுத்திவிட்டுப் பருவம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறார்கள்.